நெதர்ஃபோல்டின் பாதிவழிக் கல்

நெதர்ஃபோல்ட் என்ற ஊரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எந்த வீட்டுப் புகைபோக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். வட இங்கிலாந்தில், ஒரு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டு ஊர் அது. மைசூரில் எங்கள் ஸ்டுடியோ இருக்கும் தேவராஜ மொஹல்லா சந்தில் சாயங்காலம் பூ வாங்க நிற்கிற கூட்டம்கூட அங்கே கிடையாது. அந்த நாலு பேருக்கு ஒரு சர்ச், ஒரு மதுக்கடை, ஒரு வரலாற்றுச் சங்கம். எனக்கு என் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது. அவர்களுக்கு இடிந்துபோன ஆட்டுப்பட்டியைக் கட்டியவன் பெயர் தெரியும்.

அந்தச் சங்கம்தான் எங்களுக்கு வேலை கொடுத்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் எப்படி இருந்ததோ, அதைக் கம்ப்யூட்டரில் அப்படியே கட்டித் தரவேண்டும். கூடவே ஒரு குட்டிப் படம். இந்த மாதிரி வேலைகள் செய்துதான் என் ஸ்டுடியோ ஓடுகிறது. நான், அஞ்சலை, இரண்டு கம்ப்யூட்டர், கீழே வெற்றிலைக் கடை, ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம். இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

அஞ்சலைக்கு ஹனூர், தமிழ்நாட்டு எல்லையோரத்து ஊர். டிப்ளமோ படித்துவிட்டு வந்தவள். உருவங்களை நடக்கவிடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தலையில் புல்லுக்கட்டு இருக்கிறவள் எப்படி நடப்பாள், குடம் காலியானதும் எப்படி நடப்பாள் என்று அவளுக்குத் தெரியும். பாரம் தெரிகிற மாதிரி நடக்கவிடுவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். அவளுடைய ஒரு வயதுப் பெண் குழந்தை ஹனூரில் நாத்தனாரிடம் வளர்கிறது. மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்த அன்றைக்கு யாரோடும் பேச மாட்டாள். நானும் கேட்க மாட்டேன்.

சங்கத்தின் செயலாளர் பெயர் ஹிலரி. எழுபது வயதுக்கு மேல், தனியாக ஆடு வளர்க்கிற பெண்மணி. எங்களுக்கு மதியம் மூன்று மணியானால் அவருக்குக் காலைத் தேநீர். அந்த நேரத்தில் வீடியோவில் வருவார். ஊரின் மேல்கோடியில் இருக்கும் பழைய பண்ணை வீட்டில், அதே கல் சுவர்களுக்குள், அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சமீபத்தில் மகள் கிளேர் பிரசவத்துக்குப் பிறகு அங்கே வந்து தங்கியிருந்தாள். ஆர்தர் என்று மூன்று மாதக் கைக்குழந்தை. கிளேர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு காமிராவுக்குக் குறுக்கே நடந்துகொண்டே இருப்பாள். அஞ்சலை அவர்கள் பேச்சைக் கவனிக்கவே மாட்டாள், குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

படத்தின் கதை இதுதான். அந்தக் காலத்தில் நெதர்ஃபோல்ட் சர்ச்சில் பிணம் புதைக்க அனுமதி கிடையாது. செத்தவர்களைச் சவப்பெட்டியில் வைத்து, மேட்டுக்காட்டைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய சர்ச்சுக்குத் தோளில் சுமந்து போகவேண்டும். அந்தப் பாதைக்குப் பிணப்பாதை என்றே பெயர். பாதி வழியில் தட்டையான ஒரு கல். அதன்மேல் பெட்டியை இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்குவார்கள். கல் இன்றைக்கும் இருக்கிறது. போட்டோ அனுப்பியிருந்தார்கள்.

படத்தில் காட்டவேண்டிய பிணம், ஆக்னஸ் என்ற பெண். ஹிலரி வீட்டிலேயே வாழ்ந்தவள். பிள்ளை பெற்ற சில நாளில் ஜன்னி கண்டு செத்துப்போனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஹிலரியின் வம்சமே அந்தப் பிள்ளை வழியில் வந்ததுதான்.

"ஒன்றே ஒன்று முக்கியம்," என்றார் ஹிலரி. அவர் பேசியது இங்கிலீஷில், நான் தமிழில் சொல்கிறேன். "வாசலைத் தாண்டும்போது செத்தவளின் கால்தான் முதலில் வரவேண்டும். எங்கள் பக்கத்தில் அது கண்டிப்பான வழக்கம்."

அஞ்சலை தலையாட்டினாள். மூன்று வாரத்தில் படம் வந்தது. நான் அசந்துபோனேன். மழைத் தூறல், ஈரப் புல், தோளில் பெட்டியோடு ஆறு ஆண்கள் கொஞ்சம் வளைந்த முழங்காலோடு ஏறுகிறார்கள். கல்லில் இறக்கினார்கள். மூச்சு வாங்கினார்கள். பிறகு பெட்டியை அரை வட்டமாகச் சுற்றித் திருப்பி, தலைப்பக்கம் முன்னால் வரும்படி தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ஏய், இது என்ன? ஏன் திருப்பறாங்க?" என்றேன்.

அவள் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தாள். "பாதி வழியில மாத்தோணுமில்லீங்கக்கா? தலமாடு கால்மாடு மாத்தாம எப்பிடி எடுத்துட்டுப் போறது?"

எனக்கு எங்கே தெரியும்? நான் பிறந்து வளர்ந்தது மைசூர். என் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் ஏற்றி, நேராக மின்மயானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். தெருவில் ஒரு நிமிஷம் நிறுத்தக்கூட இல்லை. "அது உங்க ஊரு பாடைக்கு. இது இங்கிலீஷ்காரி, இவளுக்கு எதுக்கு? எடுத்துடு," என்றேன். அதற்குள் ஹிலரி வீடியோவில் வந்துவிட்டார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தத் திருப்பம் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது, அதை மட்டும் தொடாதீர்கள் என்றார். வாடிக்கையாளர் சொன்னால் சரிதான். விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. கல்லைத் தாண்டியதும் அந்த ஆறு பேரின் நடை மாறியது. முழங்கால் வளையவில்லை. வெறும் பெட்டியைத் தூக்கிப் போகிறவர்களின் நடை.

"இங்க பாரம் போயிடுச்சே, அஞ்சலை."

"நான் அப்பிடிப் பண்ணலீங்கக்கா. கடைசி வரைக்கும் ஒரே பாரம்தான் வெச்சேன்."

சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து மறுபடி ரெண்டர் போட்டு, காட்சியைப் புதிதாக எடுத்தேன். மறுபடியும் அப்படியே வந்தது. நெதர்ஃபோல்டில் இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை ஊர்க் கூடத்தில் திரையிட்டார்கள். ஊரே எழுந்து நின்று கைதட்டியதாம்.

அடுத்த வாரம் ஊர் மாடலில் சின்னச் சின்னத் திருத்தங்களுக்காகப் பேசும்போது ஹிலரி சிரித்துக்கொண்டே சொன்னார். காலையில் பார்த்தால் ஆர்தர் தொட்டிலில் தலை கால் மாறிப் படுத்திருக்கிறானாம். இன்னும் புரளக்கூடத் தெரியாத குழந்தை. கிளேர் தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டிருப்பாள் என்றார். நானும் சிரித்தேன். அஞ்சலை சிரிக்கவில்லை.

அதற்கடுத்த பேச்சில் ஹிலரி சிரிக்கவில்லை. பின்கதவு தாழ்ப்பாள் தானாகத் திறந்து கிடக்கிறது. சமையலறைக் கல் தரையில், கதவிலிருந்து தொட்டில் வரைக்கும் ஈரம். அதைவிட, ஆர்தர் பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். கிளேர் மார்பில் எடுத்து வைத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பாட்டிலும் வேண்டாம். டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். அவர் எடை பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஏறியிருக்கிறது, இவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிற குழந்தைக்குப் பசி இல்லை என்கிறீர்களே என்று கேட்டாராம்.

கிளேர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. "அவன் வாயிலிருந்து பால் வாசனை வருகிறது, அது என்னுடையது இல்லை," என்றாள்.

பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். வெளியே வெயில் கொளுத்துகிறது, கீழே வெற்றிலைக்காரர் யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருக்கிறார், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை ஹிலரி சொல்லாமல் கொள்ளாமல் அழைத்தார். அன்று காலையில் தொட்டில் காலியாக இருந்திருக்கிறது. வீடு முழுக்கத் தேடி, கத்திக்கொண்டே வெளியே ஓடியிருக்கிறார்கள். நல்ல மழை. மேட்டுக்காட்டுக்குப் போகும் பாதையில், பண்ணையின் கடைசிக் கல் சுவருக்கு அடியில் குழந்தை கிடந்தது. அதன்மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. கிளேர் தூக்கியதும் வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"கிளேர் நேற்றைக்கே குழந்தையோடு ஊரைவிட்டுக் கிளம்பினாள்," என்றார் ஹிலரி. "காரில் பத்து நிமிஷம் போவதற்குள் அவன் உடம்பு சில்லிட்டு, உதடு நீலமாகிவிட்டது. திரும்பி வந்த பிறகுதான் சரியானான். இங்கே இருந்தால் ஆக்னஸ் கொண்டுபோய்விடுவாள். வெளியே போனால் உயிர் தங்காது." அவர் காமிராவை நெருங்கிக் குனிந்தார். "சுசித்ரா, அந்தக் கல்லில் பெட்டியைத் திருப்பினீர்களே, அதற்கு என்ன அர்த்தம்? எங்கள் ஊரில் யாருக்கும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது."

நான் அஞ்சலையைப் பார்த்தேன்.

"சொல்லு. எதுக்குத் திருப்புவாங்க?"

"திரும்பி வராம இருக்கறதுக்குன்னு சொல்லுவாங்கக்கா."

"சொல்லுவாங்கன்னா? உனக்குத் தெரியாதா?"

"எப்பிடிங்கக்கா தெரியும்? பொம்பளைங்க தெருமுக்கு வரைக்குந்தானே போவோம். அங்கயே நின்னு அழுதுபோட்டு வந்து தலைக்கு ஊத்திக்குவோம். பாதி வழியில மாத்துவாங்கன்னு கேள்விப்பட்டதுதான். கண்ணால பாத்ததில்லீங்க."

"அவசரத்துல நீயா ஒண்ணு பண்ணிட்டியா? தேவ்ரே! உங்க அண்ணனுக்கு போன் போடு."

காளியப்பன், அவளுடைய அண்ணன், ஹனூரில் டிராக்டர் ஓட்டுகிறவர். ஊரில் சாவு என்றால் பாடைக்குத் தோள் கொடுக்க முதலில் நிற்கிற ஆள். போனை ஸ்பீக்கரில் போட்டோம். தங்கச்சி நட்டநடு மத்தியானத்தில் பாடையைப் பற்றிக் கேட்கிறாளே என்று பதறிவிட்டார். யாரும் சாகவில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் விவரம் சொன்னார்.

"ஊட்டுல இருந்து எடுக்கறப்ப தல முன்னால போகோணும் அம்மிணி. அப்பத்தான் மூஞ்சி ஊட்டப் பாத்துட்டே போகும். பாதி வழியில எறக்கி வெச்சு மாத்தித் தூக்குவோம். அங்கிருந்து காலு முன்னால. அப்பறம் காட்டப் பாத்துத்தான் போகும், ஊட்டப் பாக்காது."

"மாறிப் போச்சுன்னா அண்ணா? மொதல்ல காலு முன்னால எடுத்து, பொறவு தலைய முன்னால திருப்பிட்டா?"

போனில் டிராக்டர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஆரு அப்பிடிப் பண்ணுனது? குழி வரைக்கும் ஊட்டப் பாத்துட்டே போனா, அது எந்திரிச்சு நேரா ஊட்டுக்குத்தானே நடக்கும்?"

இங்கிலீஷ்காரர்கள் முதலிலிருந்தே திரும்பிப் பார்க்கவிடாமல் கொண்டு போகிறார்கள். ஹனூர்க்காரர்கள் பாதி வழி வரை பார்க்கவிட்டு, பிறகு திருப்புகிறார்கள். இரண்டுமே காவல்தான். இங்கிலீஷ்காரர்களின் தொடக்கத்தையும் ஹனூர்க்காரர்களின் திருப்பத்தையும் சேர்த்து ஒட்டி, பூட்டைத் திறந்துவிட்டிருக்கிறோம். ஊரே கூடி நின்று அதைப் பார்த்துக் கைதட்டியும் இருக்கிறது.

"அழிச்சுடு," என்றேன். "திருப்பறதை வெட்டி எடு. கடைசி வரைக்கும் கால் முன்னாலயே போகட்டும். இப்பவே அனுப்பலாம்."

"வந்துட்டவளை வெட்டி எடுக்க முடியுங்களாக்கா? மறுபடியும் ஊட்டுல இருந்து எடுத்துட்டுப் போகோணும்."

"சரி, எடு."

அஞ்சலை மவுஸைத் தொடவில்லை. "நான் மாட்டேனுங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒரு குழந்தை இன்றைக்கோ நாளைக்கோ சாகப்போகிறது, இவள் வீம்பு பிடிக்கிறாளே என்று ஆத்திரம். கண்டபடி திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவ ஆருக்கும் கெடுதல் பண்ண வரலீங்கக்கா. பச்சப் புள்ளய உட்டுப்போட்டுப் போனவ. பால் கட்டிக்கிட்டு வந்திருக்கா. அவ புள்ள எந்தக் காலத்துலயோ கெழவனாகிச் செத்துட்டான்னு அவளுக்கு ஆரு சொல்றது? என் புள்ள நாத்தனாரத்தான் இப்ப அம்மாங்குது. போன மாசம் போனேன், என்னைக் கண்டு அழுதுச்சு. என்னைக் கால் முன்னால தூக்கி அனுப்பற மாதிரியே இருந்துச்சுங்கக்கா. அதையே நான் என் கையால இன்னொருத்திக்கு எப்பிடிச் செய்யறது?"

கூடவே வேலை செய்கிறவளுக்குள் இப்படி ஒன்று கிடந்து வேகிறது என்று எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனால் கிளேரின் நனைந்த சட்டையும் கண் முன்னால் வந்தது.

"அந்தப் புள்ளைக்கும் உயிரோட ஒரு அம்மா இருக்கா அஞ்சலை," என்றேன். "அவகிட்ட இப்ப அது வரமாட்டேங்குது. உனக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்குது."

அவள் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவங்க ஊரு முறையில பண்ண மாட்டேன். எங்க முறையில பண்றேன். பாதி வழி வரைக்கும் பாத்துட்டுப் போகட்டும்."

அன்று முழுக்கவும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. புதிய படத்தில் பெட்டியின் அகலமான தலைப்பக்கம்தான் முதலில் வாசலைத் தாண்டியது. குறுகலான கால்பக்கம் வீட்டைப் பார்த்தபடி பின்னால் வந்தது. அஞ்சலை காமிராவைப் பெட்டிக்குள் இருக்கிறவளின் கண்ணாக வைத்திருந்தாள். வாசல், அதில் கைக்குழந்தையோடு நிற்கும் யாரோ ஒருத்தி, கல் சுவர், புகைபோக்கி, எல்லாம் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டே போனது. பழைய படத்தைவிட இது மூன்று மடங்கு நீளம். அவசரமே படாமல் நடக்கவிட்டிருந்தாள்.

மதியம் மூன்று மணிக்கு ஹிலரியின் சமையலறையில் அதைப் போட்டார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை மாட்டி, அதில் படம் விழும்படி செய்திருந்தார்கள். எங்களுக்குத் தெரியவேண்டும் என்று ஒரு போனை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தார் ஹிலரி. பின்கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள் அஞ்சலை. வைத்தார்கள். கிளேர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவள் முகத்தையே பார்க்கவில்லை. அடுப்பு ஓரமாக, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

படம் ஓட ஆரம்பித்தது. ஆறு பேரும் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

நான் படத்தைப் பார்க்கவில்லை, குழந்தையின் கண்ணைத்தான் பார்த்தேன். அது அடுப்பு ஓரத்திலிருந்து மெதுவாக நகர்ந்தது. மேஜையைத் தாண்டியது. திறந்த கதவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெளியே, பாதையில், தூரத்தில் போகிற யாரையோ பார்க்கிற மாதிரி விரிந்துகொண்டே போயிற்று. சிரிப்பு மட்டும் மாறவில்லை. போகிறவள் இன்னும் தன்னைப் பார்த்துக்கொண்டேதான் போகிறாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஹிலரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அஞ்சலையின் உதடு எதையோ முணுமுணுத்தது. போ தாயி, போ தாயி என்று கேட்டது எனக்கு.

படத்தில் கல் வந்தது. பெட்டியை இறக்கினார்கள். மூச்சு வாங்கினார்கள். ஆறு பேரும் சேர்ந்து அதை அரை வட்டம் திருப்பினார்கள்.

ஆர்தரின் சிரிப்பு நின்றது. வாய் கோணியது. ஒரு கணம் சத்தமே வரவில்லை, முகம் மட்டும் சிவந்தது. பிறகு அழுதான். நானும் இரண்டு பிள்ளை வளர்த்தவள்தான், பசி அழுகை தெரியும், வயிற்று வலி அழுகை தெரியும், இது எதுவும் இல்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, கதவைப் பார்த்துப் பார்த்து அழுதான்.

கிளேர் அவனை மார்போடு சேர்த்து அணைத்தாள். "நான் இங்கேதான் இருக்கிறேன், கண்ணே. அம்மா இங்கேதான் இருக்கிறேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு கையால் சட்டையை விலக்கிப் பால் கொடுத்தாள். பசி தாங்காமல் அவன் வாயை வைத்தான். குடித்தான். கிளேர் அழுதுகொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

பிழைத்துவிட்டான் என்று எனக்கு நிம்மதி. அஞ்சலையின் தோளைத் தட்டிக்கொடுக்கத் திரும்பினேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குடித்துக்கொண்டே, விம்மிக்கொண்டே, தாயின் கைக்கு மேலாகத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளேரும் அதைக் கவனித்துவிட்டாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து போய்க் காலால் கதவைச் சாத்தினாள்.